ஓசூருக்கு மின்சாரப் பேருந்து கொடுங்கள், ஆனால் கிராமத்து நடையை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் ஓடும் மின்சாரப் பேருந்துகளைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி படத்தோடு செய்தி வருகிறது, நல்ல விஷயம்தான். 2025 ஜூன் 30ஆம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 வண்டிகளோடு தொடங்கினார்கள், அப்புறம் ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்து ஏசி வண்டிகளும் வந்தன. அந்த ஆண்டு பட்ஜெட்டில் 1,125 மின்சாரப் பேருந்துகள் என்று அறிவித்தார்கள். சென்னைக்கு 950, மதுரைக்கு 100, கோவைக்கு 75. கூட்டிப் பாருங்கள், அத்தோடு கணக்கு தீர்ந்துவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் பேருந்து ஓட்டுகிற சேலம் கோட்டத்துக்கு அதில் ஒன்றுகூட இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மின்சார வண்டி என்றால் இன்று இந்தியாவில் யாரைக் கேட்டாலும் எங்கள் பக்கத்தைத்தான் காட்டுவார்கள். போச்சம்பள்ளி பக்கத்தில் ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை, அதை ஒட்டியே பேட்டரி செல் தயாரிப்பு. ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர். சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி. பேருந்து சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) என்று வந்தால் அசோக் லேலண்ட் 1980களிலிருந்தே ஓசூரில் இருக்கிறது. இத்தனையும் இருக்கிற ஊரில் அந்தத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிற அரசுப் பேருந்து டீசல் புகையை விட்டுக்கொண்டு பாகலூர் ரோட்டில் நிற்கிறது.

சரி, "எங்களுக்கும் ஐம்பது கொடுங்கள்" என்று மட்டும் கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. மின்சாரப் பேருந்து வந்துவிட்டால் கார்பன் குறைந்துவிடும் என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள், நான் ஒரு பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன், அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார்பனை வண்டிக்கு எவ்வளவு என்று எண்ணினால் ஒரு விடை வருகிறது, ஏறிப் போகும் ஆளுக்கு எவ்வளவு என்று எண்ணினால் வேறு விடை வருகிறது. போக்குவரத்துக் கழகம் எந்தக் கணக்கை எடுக்கிறதோ அதை வைத்துத்தான் எங்கள் ஊர்ப் பேருந்துகளின் கதி இருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோ கரியமில வாயு வெளியே போகும். யார் ஓட்டினாலும், எந்த ரோட்டில் ஓட்டினாலும் இது மாறாது. மாறுவது அந்த ஒரு லிட்டரில் எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்பதுதான். டிப்போவில் இதை கேஎம்பிஎல் என்பார்கள், ஓட்டுநர்களின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது, குறைந்தால் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். என் மச்சான் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் வீட்டுக் காரில் யாராவது தேவையில்லாமல் ஆக்சிலேட்டரை மிதித்தால் அவருக்குப் பொறுக்காது. எங்கள் பக்கத்துப் புறநகர் வண்டி ஒன்று லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 490 கிராம் கரியமில வாயு. பார்த்தால் பெரிய எண்தான்.

இப்போது ஒரு பெட்ரோல் பைக்கை எடுங்கள். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி, பெட்ரோல் ஒரு லிட்டருக்கு 2.3 கிலோ, ஆக கிலோமீட்டருக்கு 46 கிராம். அதாவது அந்தப் பேருந்தில் 11 பேர் உட்கார்ந்தாலே, அந்த 11 பேரும் ஆளுக்கொரு பைக்கில் போவதைவிட அது மேல். 50 பேர் ஏறினால் ஆளுக்கு 10 கிராம்கூட வராது. காலை எட்டு மணிக்குக் காரிமங்கலத்திலிருந்து தருமபுரி போகிற டவுன் பஸ்ஸில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அதில் ஒரு காலை மட்டும் படியில் வைத்துப் போனவர்களைக் கேளுங்கள். எந்தத் தொழில்நுட்பமும் சேர்க்காமல், பதினைந்து வருடம் ஓடின பழைய டீசல் வண்டியாகவே இருந்தாலும், அந்த நேரத்தில் இந்த மாவட்டத்திலேயே ஆள் கணக்கில் கார்பன் குறைவாக விடுகிற வாகனங்களில் அதுவும் ஒன்று. (புகை வேறு, கார்பன் வேறு. பழைய வண்டியின் புகைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.)

இனி மின்சாரப் பேருந்துக்கு வருவோம். ஏசி இல்லாத 12 மீட்டர் வண்டி கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் அளவில் எடுக்கும், ஏசி போட்டால் இன்னும் கூடும். நம் நாட்டு மின்சாரத்தில் இன்னமும் பெரும்பகுதி நிலக்கரி என்பதால், மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு. அப்படியானால் கிலோமீட்டருக்கு 700 கிராம். டீசல் வண்டிக்கு 490, மின்சார வண்டிக்கு 700! இதைப் பார்த்து எனக்கே தூக்கிவாரிப் போட்டது, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், விடை அதேதான்.

இதை வைத்துக்கொண்டு மின்சாரப் பேருந்தே வேண்டாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சென்னை மாதிரி நின்று நின்று ஓடும் நெரிசலில் டீசல் வண்டி ஐந்தரை கொடுக்காது, மூன்றரை வரைகூட இறங்கலாம், அப்போது கணக்கு மின்சாரத்தின் பக்கம் வந்துவிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது டீசல் எஞ்சின் எரிந்துகொண்டே இருக்கும், மின்சார மோட்டார் சும்மா இருக்கும். ரோட்டோரத்தில் பூக்கட்டி விற்கிறவரின் மூக்கில் ஏறும் புகையும் இல்லை, சத்தமும் இல்லை. செலவும் குறைவு. டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது எரிபொருளுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 16 ரூபாயைத் தாண்டுகிறது, மின்சாரத்தில் அதில் பாதி, பாதிக்குக் கொஞ்சம் மேல் என்று முடிந்துவிடும். அப்புறம் முக்கியமான ஒன்று, டீசலின் 2.68 கிலோ என்றைக்கும் 2.68தான், மின்சாரத்தின் 0.7 வருடாவருடம் குறையக்கூடியது. எந்த ரோட்டில் ஓட்டுகிறோம், எந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றுகிறோம் என்ற இரண்டும்தான் விஷயம், இந்த இரண்டையும் பற்றி அறிவிப்புகளில் ஒரு வரிகூட வருவதில்லை என்பதுதான் என் குறை.

எந்த நேரத்தில் என்பதை முதலில் பார்ப்போம். பேருந்துகள் இரவு பத்து, பதினோரு மணிக்கு டிப்போவுக்கு வந்து விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பும். அந்த நேரத்தில் பிளக்கைச் சொருகினால் வருகிற கரண்ட், காற்று இல்லாத மாதங்களில், பெரும்பாலும் மேட்டூர் மாதிரி அனல் மின் நிலையங்களிலிருந்து வருவது. தமிழ்நாட்டில் காற்றாலை மட்டும் 11,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியிருக்கிறோம், வைகாசியிலிருந்து புரட்டாசி வரை இரவிலும் காற்று மின்சாரம் கிடைக்கும், மறுக்கவில்லை. மற்ற மாதங்களுக்குப் பகல்தான். சூரிய மின்சாரம் பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை கொட்டுகிறது, டவுன் பஸ்ஸில் கூட்டம் இல்லாத நேரமும் அதேதான். காலை பள்ளி, ஆபீஸ் கூட்டம் முடிந்ததும் பாதி வண்டிகளை டிப்போவுக்கு இழுத்துச் சார்ஜ் ஏற்றி, மூன்றரை மணிக்குத் திரும்ப விடலாம். ஓட்டுநர், நடத்துநர் டியூட்டியை அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும், இடையில் நாலு மணி நேரம் வெட்டியாக உட்கார வைத்துவிட்டு அதற்குச் சம்பளம் இல்லை என்றால் எந்தத் தொழிலாளியும் ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது. அதைப் பேசித் தீர்ப்பதும் புதுமையில் சேர்ந்ததுதான், புதுமை என்றால் வண்டி மட்டும் என்று நினைக்கிறார்கள்.

டிப்போ கூரையில் சோலார் போடலாமே என்று எல்லோரும் சொல்கிறார்கள். போடலாம், போட வேண்டும். ஆனால் 100 கிலோவாட் போட ஏறக்குறைய 10,000 சதுர அடி கூரை வேண்டும், அதில் சராசரியாக ஒரு நாளைக்கு 400 யூனிட் வரும், தினம் 200 கிலோமீட்டர் ஓடும் பேருந்து இரண்டுக்குத்தான் காணும். வண்டியைத் தூக்கி நிறுத்துகிற ஷெட், டயர் ரூம், நடத்துநர்கள் பணம் கட்டும் அறை என்று எல்லாக் கூரையையும் சேர்த்தாலும் ஒரு டிப்போவின் தேவைக்குப் போதாது. கூரையில் நாலு பேனல் வைத்துப் போட்டோ எடுத்துவிட்டு "சூரிய சக்தியில் ஓடும் பேருந்து" என்று எழுதிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மீதியை மின் பகிர்மானக் கழகத்திடம் பகல் நேரத்துக்கு என்று தனி விலை பேசி வாங்க வேண்டும். இரண்டும் அரசு நிறுவனம், இரண்டும் கடனில், ஒரு மேசையில் உட்கார்ந்து பேச என்ன தடை?

அடுத்தது எந்த ரோடு. இங்கேதான் எங்கள் மாவட்டங்கள் மற்ற ஊர் மாதிரி இல்லை. சமதளமே கிடையாது என்று சொல்லிவிடலாம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போக 300 மீட்டருக்குக் குறையாமல் ஏற வேண்டும். 16 டன் வண்டியை 300 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் 13 யூனிட் ஆகும், ரோட்டில் ஓடுவதற்கு ஆவது தனி. திரும்பி வரும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், ஏனென்றால் இறக்கத்தில் மின்சார வண்டியின் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிப் பேட்டரிக்குக் கரண்ட் அனுப்பும். டீசல் வண்டியில் அந்த சக்தியெல்லாம் பிரேக் டிரம்மில் சூடாகிக் காற்றோடு போகிறது.

தருமபுரி–சேலம் ரோட்டில் இருக்கும் தொப்பூர் கணவாயை நினைத்துப் பாருங்கள். எத்தனை உயிர் போயிருக்கிறது அந்த இறக்கத்தில்! டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிற லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிறவர்கள் மேல் மோதுவது எத்தனை முறை செய்தியாக வந்திருக்கிறது, போலீஸும் போர்டு வைத்துப் பார்த்தார்கள். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று நெருக்கினால் மனிதன் எங்கே மிச்சம் பிடிப்பான் என்பதற்கு அந்தக் கணவாய் சாட்சி. அதே இறக்கத்தில் மின்சார வண்டியின் ஓட்டுநர் காலை எடுத்தாலே போதும், வண்டி தானாக வேகம் குறைந்து பேட்டரியையும் நிரப்பிக்கொள்ளும். மிச்சம் பிடிப்பதும் பத்திரமாக இறங்குவதும் ஒன்றுக்கொன்று எதிராக இல்லாத ஒரே வண்டி அது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, திட்டம் போடுகிறவர்கள் கவனித்தால் நல்லது. மேட்டில் இருக்கிற ஊரில் பேட்டரியை முழுசாக நிரப்பிவிட்டு இறக்கத்தில் விட்டால், திரும்பி வரும் கரண்டை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது. அதனால் சார்ஜிங் இடத்தை அடிவாரத்தில் வைக்க வேண்டும். கிருஷ்ணகிரி–ஓசூர் தடத்துக்குக் கிருஷ்ணகிரியில், தருமபுரி–சேலம் தடத்துக்குச் சேலத்தில், பென்னாகரம்–ஒகேனக்கல் தடத்துக்கு ஒகேனக்கல்லில். சென்னையில் உட்கார்ந்து எல்லா ஊருக்கும் ஒரே டெண்டர் போட்டால் இது தெரியாது. லாரி டிரைவரைக் கேட்டால்கூட எந்த ரோடு ஏற்றம், எது இறக்கம் என்று சொல்லிவிடுவார்.

மலைக்கு மின்சாரப் பேருந்து ஆகாது என்பவர்களுக்கு ஒரு தகவல். ஹிமாச்சல் அரசுப் போக்குவரத்துக் கழகம் 2017லேயே மணாலியிலிருந்து ரோதாங் கணவாய்க்குச் சின்ன மின்சாரப் பேருந்துகளை ஓட்டியது, 13,000 அடி உயரம் அது. அதைச் செய்தது ஒரு அரசுக் கழகம். நம் ஒகேனக்கல் இறக்கம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் காரும் வேனுமாக வரிசை கட்டி நிற்கிற அந்தக் காட்டு ரோட்டில், 9 மீட்டர் மின்சாரப் பேருந்தைப் பென்னாகரத்திலிருந்து அடிக்கடி விட்டால் யானைக்கும் நல்லது, மீன் பொரிக்கிற கடைக்காரருக்கும் நல்லது.

ஆனால் முதலில் ஓசூர். 2019ல் மாநகராட்சி ஆக்கினார்கள், சிப்காட், பேகேப்பள்ளி, ஜூஜூவாடி என்று பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிடும், தடம் குறுகியது, நெரிசல் அதிகம், வெயிலும் தருமபுரி அளவுக்கு இல்லை. மின்சாரப் பேருந்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஆயிரத்துக்கும் மேல் மின்சாரப் பேருந்து ஓட்டுகிறது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்துவிட்டது. ஓசூருக்கு மெட்ரோ வருமா வராதா என்று தேர்தலுக்குத் தேர்தல் பேசிக்கொண்டிருப்பதற்குள், ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து பொம்மசந்திரா மெட்ரோ வாசல் வரை பத்து நிமிடத்துக்கு ஒரு மின்சாரப் பேருந்து விட்டால் என்ன? இருபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். இரண்டு மாநிலமும் பர்மிட்டில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் தருமபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூரு கட்டட வேலைக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்தவர்கள் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. புது வண்டி நகரத்துக்கு வரும்போது கிராமத்துக்கு என்ன ஆகிறது? பேருந்து பற்றாக்குறை, ஆள் பற்றாக்குறை, நஷ்டம் என்று ஏதாவது ஒரு காரணத்துக்கு முதலில் அடி வாங்குவது கிராமத்து நடைதான். மத்தியானம் போகும் சிங்கிள் (ஒரு வழி நடை) ஒன்று நிற்கும், அப்புறம் இரவு கடைசி வண்டி ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. எழுத்தில் அந்தத் தடம் இருக்கும், ரோட்டில் இருக்காது. பன்னிரண்டு பேருக்காக ஒரு வண்டியா என்று கேட்டால் நியாயம் போலத் தோன்றும், மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள், பன்னிரண்டு பேர் இருந்தால்கூட அந்த வண்டி பைக்கைவிட மேல்தான். அது மட்டும் இல்லை. கடைசி வண்டி நிச்சயம் இல்லை என்று ஆனவுடன் அந்த வீட்டில் தவணையில் ஒரு பைக் வாங்கிவிடுவார்கள். வாங்கினது வாங்கினதுதான், இரவு ஒரு நடைக்காக வாங்கின வண்டி காலையிலும் ஓடும், மத்தியானமும் ஓடும், பத்து வருடம் ஓடும். ஒரு சிங்கிளை நிறுத்தி மிச்சம் பிடித்த டீசல் அந்த ஊரில் பெட்ரோலாகத் திரும்பி எரிகிறது, ஆனால் கழகத்தின் கணக்குப் புத்தகத்தில் அது வராது என்பதால் யாருக்கும் கவலை இல்லை.

பைக் வாங்க முடியாதவர்கள் கதை வேறு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்தத் திட்டத்தைக் கேலி செய்கிறவர்கள் ராயக்கோட்டைத் தக்காளி மார்க்கெட்டுக்கும் தேன்கனிக்கோட்டைச் சந்தைக்கும் ஒரு நாள் வந்து நின்று பார்க்கட்டும். சமூக நலத் திட்டம் என்று மட்டும் இதைச் சொல்கிறார்கள், என்னைக் கேட்டால் தமிழ்நாடு இதுவரை செய்த கார்பன் குறைப்புத் திட்டங்களில் இது முன் வரிசையில் வரும், யாரும் அந்தப் பெயரில் கூப்பிடவில்லை, அவ்வளவே. ஆனால் இலவசம் என்பது வண்டி வந்தால்தான் இலவசம். வராத பேருந்தில் யாரும் ஓசியாகப் போக முடியாது.

கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றைக்கும் ரயில் கிடையாது என்பதையும் வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் இருந்த குறுகிய ரயில் பாதையையும் இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பேருந்துதான் எங்களுக்கு எல்லாம். வத்தல்மலைக்குப் பேருந்து ஏறியதே சமீபத்தில்தான், அதுவரை அந்த மக்கள் நடந்தும் ஜீப்பிலும்தான் இறங்கினார்கள். அஞ்செட்டி, சித்தேரி பக்கம் போகும் வண்டியெல்லாம் லாபத்துக்கு ஓடுவதா? லாபம் இருக்கிற சேலம்–தருமபுரி மெயின் ரோட்டில் தனியார் வண்டிகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஓடுகின்றன, மலைக்கு ஒருவரும் வரவில்லை. அரசுக் கழகம் என்று ஒன்று இருப்பதன் அர்த்தம் அந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது. அங்கே இப்போதைக்கு டீசலே ஓடட்டும், புகை குறைந்த பிஎஸ் 6 தர வண்டியாக, நல்ல பிரேக்கோடு, நேரத்துக்கு ஓடினால் போதும்.

அடுத்து, இந்த வண்டிகளை யார் ஓட்டுவது, யார் பழுது பார்ப்பது. சென்னையில் மொத்தச் செலவு ஒப்பந்தம் என்ற முறையில் விட்டிருக்கிறார்கள். வண்டி, ஓட்டுநர், பராமரிப்பு எல்லாம் ஒப்பந்தக் கம்பெனியுடையது, நடத்துநர் மட்டும் கழகத்து ஆள், ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கொடுக்கும். பேட்டரியின் ரிஸ்க் கம்பெனி தலையில் போய்விடுகிறது, கழகம் மொத்தமாகப் பணம் போட வேண்டியதில்லை, அதெல்லாம் சரி. 2019ல் ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கியோடு 12,000 புதுப் பேருந்து, 2,000 மின்சாரப் பேருந்து என்று ஒப்பந்தம் போட்டதும், சோதனை ஓட்டத்தை விட்டுவிட்டால், மின்சாரப் பேருந்துகள் ரோட்டுக்கு வர 2025 ஆனதும், அதுவும் உலக வங்கி உதவியோடு வந்ததும் தெரிந்தவர்கள், எப்படியோ வந்ததே என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் ஒப்பந்தக் காலம் முடியும்போது கழகத்தின் கையில் என்ன இருக்கும்? டீசல் எஞ்சினை இருட்டில் கழற்றி மாட்டுகிற மெக்கானிக்குகள் நம் டிப்போக்களில் இருக்கிறார்கள். இவர்களுக்கு உயர் மின்னழுத்த வேலை கற்றுக்கொடுக்காமல், புது வண்டி நிற்கும் ஷெட்டுக்குள் இவர்களை விடாமல் வைத்திருந்தால், அவர்கள் ஓய்வு பெறும்போது அந்தக் கழகமும் ஓய்வு பெற்றுவிடும். பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, ஓசூரில் ஐடிஐ இருக்கிறது, மோட்டாரும் கன்ட்ரோலரும் பேட்டரியும் செய்கிறவர்கள் சிப்காட்டிலேயே இருக்கிறார்கள். இருபது மெக்கானிக்குகளை ஆறு மாதம் அங்கே அனுப்ப எத்தனை கோடி ஆகும்? ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை போடலாம், இத்தனை கழக ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள் கையாலேயே பராமரிப்பில் ஒரு பங்கு செய்ய வேண்டும் என்று. ஓட்டிக் களைத்த பேட்டரியும் அப்படித்தான், வண்டிக்கு உதவாத நிலைக்கு வந்த பிறகும் அதில் முக்கால் பங்கு கொள்ளளவு மிச்சம் இருக்கும், டிப்போவில் வைத்துப் பகல் வெயிலைச் சேமித்து இரவுக்குக் கொடுக்கலாம், அது யாருடைய சொத்து என்று இப்போதே எழுதி வைக்காவிட்டால் அன்றைக்குக் கம்பெனி எடுத்துக்கொண்டு போய்விடும்.

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும், ஒரு காலத்தில் தருமபுரிக்கே தலைமையகமாக அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் என்று இருந்தது. 1997ல் தலைவர்கள் பெயர்களை எல்லாக் கழகங்களிலிருந்தும் எடுத்தார்கள், அப்புறம் கழகங்களையும் சேர்த்துவிட்டார்கள், இப்போது எங்கள் முடிவுகள் சேலத்திலும் சென்னையிலும் எடுக்கப்படுகின்றன. பழையபடி ஆக்குங்கள் என்று கேட்கவில்லை. மண்டல மேலாளருக்கு ஒரு தடத்தின் நேரத்தை மாற்ற, ஒரு சின்ன வண்டியைச் சோதனைக்கு விட, பகலில் சார்ஜ் ஏற்றிப் பார்க்க அதிகாரம் கொடுங்கள் என்கிறேன்.

கடைசியாக, பெரிய செலவில்லாத ஒன்று. சென்னையில் பேருந்து எங்கே வருகிறது என்று போனில் பார்க்க 2022லிருந்து ஒரு செயலி இருக்கிறது. அங்கே ஒரு வண்டி போனால் கொஞ்ச நேரத்தில் அடுத்தது. எங்கள் ஊரில் ஒன்று போனால் அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து, ஆக யாருக்கு அது அதிகம் தேவை? புளியமரத்தடியில் நிற்கிறவருக்கு வண்டி பாலக்கோடு தாண்டிவிட்டது, இருபது நிமிடத்தில் வரும் என்று தெரிந்தால் அவர் நிற்பார். தெரியாவிட்டால் வருகிற முதல் ஷேர் ஆட்டோவைக் கை காட்டுவார். ஒரு ஜிபிஎஸ் கருவியின் விலையில் பேருந்தில் நாலு பேர் கூடினால், ஆள் கணக்குப்படி அது மின்சாரப் பேருந்துக்குச் சமமான வேலை செய்கிறது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நான் இதில் போட்டிருக்கும் ஐந்தரையும் ஒரு யூனிட்டும் பொதுவாக எல்லோரும் சொல்லும் அளவுகள். உண்மைக் கணக்கு டிப்போ டிப்போவாகக் கழகத்திடம் இருக்கிறது: எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர், எத்தனை பயணிகள், எத்தனை நடை ரத்து. டிக்கெட் மெஷினில் தினமும் பதிவாவதுதான், இலவசப் பயணச் சீட்டு உட்பட. மாதாமாதம் அதை வெளியிட்டாலே எந்தத் தடத்துக்கு மின்சாரம், எதற்கு டீசல், எங்கே இன்னொரு நடை வேண்டும் என்று நாங்களே சொல்லிவிடுவோம். தகவல் உரிமைச் சட்டத்தில் நான் ஒருவன் எழுதிக் கேட்பதைவிட உங்கள் மாவட்ட நிருபர் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும். பாலக்கோடு டிப்போ, ஓசூர் டிப்போ இரண்டுக்கும் ஒரு மாதக் கணக்கு போதும், அதை வாங்கிப் போடுங்கள், மீதிக் கணக்கை நான் போட்டு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்